சிவப்பு மையும் ஒரு கற்பனை நாடும்

முப்பது ஆண்டுகளாக மாணவர்களின் கட்டுரைகளில் சிவப்பு மையினாற் கோடிட்டுப் பழகிய கை எமது கை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் அக்கைக்கு ஓய்வில்லை. கலியாண அழைப்பிதழைக் கையில் எடுத்தாலும் மணமக்களின் பெயருக்கு முன்னர் சந்திப் பிழையே கண்ணிற் படும். இப்பழக்கம் எம்மை ஒருநாள் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லிவிடுதல் நல்லதெனக் கருதுகின்றோம்.

2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் எமது சகோதரியின் மகன் எம்முடன் தங்க நேர்ந்தது. இரவில் நெடுநேரம் கணினியின் முன்னே அமர்ந்திருப்பான். "என்ன தம்பி, பரீட்சைக்குப் படிக்கிறீரோ?" என்று ஒருநாள் கேட்டோம். "இல்லை மாமா, நான் இப்போது ஒரு மலைநாட்டு வைத்தியன். காட்டில் வழி தவறிவிட்டேன்" என்றான்.

பின்னர் விளக்கினான். வெவ்வேறு தேசங்களில் இருக்கும் பத்துப் பன்னிருவர் இணையத்தின் வழியே ஒன்றுகூடி, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, ஒரு கற்பனை நாட்டின் கதையை முறைவைத்து எழுதி வளர்க்கிறார்கள். கதையை நடத்துபவர் ஒருவர் காட்டையும் பகைவரையும் வருணிப்பார். மற்றவர்கள் தத்தம் பாத்திரம் என்ன செய்கிறதென்று எழுதுவர். வெற்றியோ தோல்வியோ என்ற ஐயம் எழுந்தால், இருபது முகங்கள் கொண்ட தாயக்கட்டை தீர்ப்புச் சொல்லும். இவ்வகை விளையாட்டில் முதலிற் பெயர்பெற்ற 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கியது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் றோய் ட்ரப்ஷோ, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற மாணவர் இருவர், பலர் ஒரே வேளையில் கணினி வழியாக உலாவும் கற்பனை உலகொன்றை அமைத்தனர்.

ஆசை யாரை விட்டது? நாமும் ஒரு கிழட்டு ஓடக்காரனாக அக்கதையினுட் புகுந்தோம்.

கதையை நடத்தியவர் ஒரு கல்லூரி மாணவி. அதற்குமேல் அவரைப் பற்றி எமக்கு ஒன்றுந் தெரியாது. இரண்டு மாதம் கழிந்தபின், கதை எப்படிப் போகிறது, குறைநிறைகளைச் சொல்லுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டார். சிவப்பு மை சும்மா இருக்குமா? அன்றிரவே இருபத்துமூன்று குற்றங்களை இலக்கமிட்டு எழுதி, எல்லோரும் காணும்படி வைத்தோம். ஆறு மேட்டை நோக்கி ஓடுகிறது. முதலாம் அத்தியாயத்தில் மாண்ட காவலன் நான்காம் அத்தியாயத்திற் கதவு திறக்கிறான். போர் வரவேண்டிய இடத்திற் பேச்சு வருகிறது. இப்படியே தொடர்ந்தது பட்டியல்.

மூன்று வாரம் அந்த நாட்டிற் சூரியன் உதிக்கவில்லை. வைத்தியன் காட்டில் நின்றபடியே நின்றான். எமது ஓடம் நடு ஆற்றில் நின்றது. மருமகன் எம்மைக் கோபிக்கவில்லை. "நீங்கள் எழுதினது முழுக்கச் சரிதான் மாமா. ஆனால் இனிக் கதை சொல்ல ஆள் இல்லையே" என்றான். அச்சொல் எம் நெஞ்சிற் தைத்தது.

அதன் பின்னரே நாம் சிந்திக்கத் தலைப்பட்டோம். மேலே சொன்ன பார்ட்டில் 1996இல் எழுதிய ஒரு கட்டுரையில், இவ்வுலகங்களில் விளையாடுவோரைச் சீட்டுக்கட்டின் நான்கு வகைகளுக்கு ஒப்பிட்டுப் பிரித்துக் காட்டியுள்ளார். புதையலும் பதவியும் தேடுவோர் ஒரு சாரார். மூலை முடுக்கெல்லாம் ஆராய்வோர் இன்னொரு சாரார். பேசிப் பழக வருவோர் மற்றொரு சாரார். பிறரை மடக்கி மகிழ்வோர் நான்காஞ் சாரார். இதனைப் படித்தபின் எமது பட்டியலைத் திரும்ப நோக்கினோம். இருபத்துமூன்றில் பதினொன்று குற்றமேயல்ல, எமது விருப்பம். நாம் போரை விரும்பினோம், மற்றவர்கள் பேச்சை விரும்பினார்கள். அவ்வளவே.

எஞ்சியவை மெய்யான பிழைகள். ஆனால் அவற்றைச் சொல்லவும் வழியுண்டு. ஒக்ஸ்போர்டில் டொல்கின் என்னும் பேராசிரியர் தாம் எழுதிக்கொண்டிருந்த நெடுங்காதையொன்றை 1929ஆம் ஆண்டின் இறுதியில் நண்பர் சி. எஸ். லூயிசிடம் படிக்கக் கொடுத்தார். லூயிஸ் முதலில் தாம் அடைந்த மகிழ்ச்சியைக் கடிதத்திற் சொன்னார். பின்னர் குறைகளை எழுதியபோது ஒரு வேடிக்கை செய்தார். அக்காதையைப் பழைய ஏட்டுச் சுவடியாகப் பாவனை செய்து, இல்லாத அறிஞர் சிலரைப் படைத்து, அவர்கள் பாடபேதம் ஆராய்வதுபோல எழுதினார். வலுவற்ற அடிகளுக்குப் பழி ஏடெழுதியவன் தலையில் விழுந்தது. குறை குறையாகவே சுட்டப்பட்டது. ஆக்கியோன் மனம் நோகவில்லை. லூயிஸ் குறைகண்ட அடிகளுட் பலவற்றை டொல்கின் திருத்தினார். பிற்காலத்தில் அதே நண்பர் குழுவில் வேறொருவர் டொல்கினின் கதையைக் கேட்கவே சலித்துக்கொண்டார். அதனால் அவர் இருக்கும் வேளையில் வாசிப்பு நின்றது; கதை திருந்தவில்லை.

எமது ஊரில் கூத்துப் பழக்கிய அண்ணாவியாரும் நினைவுக்கு வந்தார். ஆட்டம் பிழைத்தவனை அவர் ஏசமாட்டார். தாளக்கட்டைத் தாமே மறுபடி சொல்லி, ஆடிக் காட்டுவார். முப்பது ஆண்டு ஆசிரியத் தொழிலில் நாம் இதை எப்படி மறந்தோம்?

அம்மாணவிக்கு இரண்டாவது கடிதம் எழுதினோம். இம்முறை அவர் மட்டுமே காணும்படி எழுதினோம். முதலில் மன்னிப்புக் கேட்டோம். பனிமூடிய பாலத்தில் வைத்தியன் தன் தாயின் பெயரை மறந்த காட்சி எம்மை இரவு முழுவதும் வருத்தியதென்று சொன்னோம். அது முகத்துதியன்று, உண்மை. ஆயினும் முன்னைய பட்டியலில் அதற்கு இடமிருக்கவில்லை. பின்னர் ஒரேயொரு கேள்வி கேட்டோம்: "மாண்ட காவலன் மீண்டும் வந்தது மறதியா, மாயமா? ஓடக்காரன் அறிய விரும்புகிறான்." அதற்குமேல் எழுதவில்லை. திருத்துவதும் விடுவதும் அவர் உரிமை.

ஐந்தாம் நாள் கதை தொடர்ந்தது. மறதியாய் இருந்தது மாயமாகிவிட்டது. இறந்த காவலனின் இரட்டைச் சகோதரனே கதவைத் திறந்தவன் என்று கதை புதுவழியிற் சென்றது. எமக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் பாணன் வேடம் பூண்டிருந்த ஒருவர் அந்த மூன்று வார மௌனத்திற் போனவர், திரும்பி வரவேயில்லை. அவருடைய இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.

பெற்றோர்களே, பிள்ளை தான் எழுதியதைக் கொண்டுவந்து நீட்டும்போது, பேனாவைத் திறக்குமுன் ஒருதரம் முழுவதையும் படியுங்கள். அதில் உங்களைத் தொட்டது எதுவென்று முதலிற் சொல்லுங்கள். சிவப்பு மை எங்கும் போய்விடாது. அடுத்த கதை எழுதப் பிள்ளை இருக்கவேண்டும்.