சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் சாட்சியம்

ஆஷ்லி, கூப்பர் என்னும் இரண்டு ஆறுகள் அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி வந்து கூடும் முனையில் அமைந்திருக்கிறது சார்ல்ஸ்டன் நகரம். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துப் பழம்பெரும் துறைமுகம் அது. பனை இனத்தைச் சேர்ந்த பால்மெட்டோ மரங்களும், வெண்தூண்கள் தாங்கும் மாடங்களும், பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரை வண்டிகளும் அவ்வூருக்கு ஒரு பழைய அழகைத் தருகின்றன. இத்துணை அமைதியான ஊரிலா ஒரு தேசத்தையே இரண்டாகப் பிளந்த போர் தொடங்கிற்று என்று காண்போர் வியப்பர். ஆம்! 1861 ஏப்ரல் 12ஆம் நாள் அதிகாலை 4.30 மணிக்கு, இத்துறைமுகத்தில்தான் அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டு வெடித்தது.

4 ஆண்டுகள் நீடித்த அப்போரில் மாண்டோர் 6,20,000 பேர் என்று நெடுங்காலம் கணக்கிடப்பட்டு வந்தது. அண்மைய ஆய்வுகள் அத்தொகையை 7 இலட்சத்தை ஒட்டியும் அதற்கு மேலும் உயர்த்தியுள்ளன. இரண்டு உலகப் போர்களிலும் சேர்த்து இறந்த அமெரிக்கரைவிட இது அதிகம். ஒரே மொழி பேசி, ஒரே வேதத்தை ஓதி, ஒரே அரசியல் சட்டத்தின்கீழ் வாழ்ந்தவர்கள் எதற்காக ஒருவரையொருவர் இப்படிக் கொன்று குவித்தனர்? அதற்கான விடை அந்நகரின் சில இடங்களிலேயே இருக்கிறது.

வட கரோலினாவில் பணிபுரியும் என் தம்பியின் அழைப்பின்பேரில் அமெரிக்கா சென்றிருந்தபோது, அவர் குடும்பத்தோடு இரண்டு நாட்கள் சார்ல்ஸ்டனில் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. பள்ளியில் அமெரிக்க வரலாறு பயிலும் தம்பி மகளும் உடன் வந்தாள். வகுப்பில் அவளுக்கு இப்போரைப் பற்றிக் கட்டுரை எழுதும் பணி கொடுத்திருந்தார்கள்.

மனிதர்கள் இறக்கப்பட்ட துறை

முதலில் நாங்கள் சென்ற இடம், கூப்பர் ஆற்றங்கரையில் உள்ள காட்ஸ்டன் துறை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதை 1808 ஜனவரி 1 முதல் அமெரிக்கச் சட்டம் தடுத்தது. தடை வரப்போவதை அறிந்த வணிகர்கள், அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 40,000 ஆப்பிரிக்கர்களைச் சார்ல்ஸ்டனுக்குக் கொண்டுவந்து குவித்தனர். 1806 முதல் அவ்வடிமைக் கப்பல்கள் அனைத்தும் இத்துறைக்கே வந்தன. விற்பனைக்காக இங்கேயே அடைத்து வைக்கப்பட்டுக் குளிரிலும் நோயிலும் மடிந்தவர் பலர்.

அவ்விடத்தில் 2023 ஜூன் மாதம் பன்னாட்டு ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. துறையின் மண்ணை மிதித்துவிடாமல், கட்டடம் முழுவதையும் தூண்கள்மீது உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். கீழே, நீர் ததும்பும் தரையில் மனித உருவங்கள் நெருக்கி நெருக்கிச் செதுக்கப்பட்டுள்ளன. கப்பலின் அடித்தளத்தில் அவர்கள் கிடத்தப்பட்ட விதம் அது. நீர் ஏறுகையில் உருவங்கள் மறைகின்றன. வடிகையில் மீண்டும் தெரிகின்றன.

1807இல் இந்நகரில் இறக்கப்பட்டவர்களுள் ஒருவர் உமர் இப்னு ஸயீத். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா தோரோ பகுதியைச் சேர்ந்தவர். 25 ஆண்டுகள் மார்க்கக் கல்வி பயின்ற ஆலிம்! போரில் பிடிபட்டு, ஒன்றரை மாதக் கடற்பயணத்திற்குப் பின் இங்கு விற்கப்பட்டார். கொடிய எஜமானிடமிருந்து தப்பியோடி, வட கரோலினாவில் பிடிபட்டுச் சிறையிலடைக்கப்பட்டார். சிறைச் சுவரில் கரித்துண்டால் அரபியில் எழுதினார் என்றும், அதுகண்டு மக்கள் திரண்டனர் என்றும் கூறுவர். பின்னர் வேறோர் எஜமானின் உடைமையானார்.

1831இல் அவர் தம் வாழ்க்கை வரலாற்றை அரபியில் எழுதினார். அமெரிக்காவில் அடிமையாக இருந்தபோதே ஒருவர் அரபியில் எழுதிய தன்வரலாறுகளுள் இன்று கிடைப்பது இதுவொன்றே என அறிஞர் கூறுவர். 2017 முதல் அது வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் அவர் கிறித்துவராகத் திருமுழுக்குப் பெற்றதாகப் பதிவு உண்டு. ஆயினும் தம் கதையைச் சொல்லப் புகுந்தவர், முதலில் எழுதியது ஸூரத்துல் முல்க். நம் மதரஸாப் பிள்ளைகள் மனனம் செய்து இரவில் ஓதும் அதே அத்தியாயம்! ஆட்சியும் உடைமையும் யாருக்கு உரியவை என்று பேசும் அத்தியாயத்தை, மனிதனுக்கு உடைமையாக்கப்பட்ட ஒருவர் தம் எஜமானர் நாட்டில் அமர்ந்து எழுதினார். அதன் பொருளை அவர் விளக்கவில்லை, விளக்கவும் வேண்டியிருக்கவில்லை. போர் முடியும் முன்னரே, அடிமையாகவே அவர் மறைந்தார்.

பருத்தியும் ஏலக் கூடமும்

இறக்குமதி நின்றதால் அடிமை முறை நின்றுவிடவில்லை; உள்நாட்டு விற்பனை பெருகிற்று. 1793இல் ஈலி விட்னி உருவாக்கிய பருத்தி அரைவை எந்திரம் கொட்டை நீக்கும் வேலையை எளிதாக்கியது. பருத்தி பயிரிடும் பரப்பு மேற்கே மேற்கே விரிந்தது. பறிப்பதற்குக் கைகள் தேவைப்பட்டன. 1860இல் அமெரிக்க ஏற்றுமதியின் மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தியே. அவ்வாண்டுக் குடிக்கணக்கின்படி 3 கோடியே 14 இலட்சம் மக்களில் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் அடிமைகள். தென் கரோலினாவிலோ, 100 பேருக்கு 57 பேர் அடிமைகள்!

சால்மர்ஸ் தெருவில் பழைய ஏலக் கூடம் இன்றும் நிற்கிறது. தெருவில் வைத்து மனிதரை ஏலம் விடுவதை 1856இல் நகராட்சி தடை செய்தது. எனவே விற்பனை சுவர்களுக்குள் சென்றது. இப்போது அருங்காட்சியகமாக உள்ள அக்கூடத்தில் வயது வாரியாக விலைகள் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. நகரத்துப் பழைய செங்கற்கள் சிலவற்றில் சிறு விரல்களின் தடம் பதிந்திருக்கிறது. ஈரக் கல்லைத் திருப்பி அடுக்கிய அடிமைச் சிறார்களின் கைத்தடம் அது. தம்பி மகள் அதன்மேல் தன் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, வெகுநேரம் பேசாமல் நடந்து வந்தாள்.

கையொப்பமிட்ட காரணம்

அடிமை முறை ஏற்கெனவே உள்ள மாநிலங்களில் அதைத் தொடுவதாக ஆபிரகாம் லிங்கன் சொல்லவில்லை. மேற்கே புதிதாக உருவாகும் பகுதிகளில் அது பரவக்கூடாது என்பதே அவர் கட்சியின் கொள்கை. 1860 நவம்பரில் அவர் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதையே தெற்குப் பண்ணையாளர்கள் தாங்கவில்லை. டிசம்பர் 20ஆம் நாள் சார்ல்ஸ்டனில் கூடிய மாநாட்டில் 169 பேர், எதிர்ப்பு ஒன்றுகூட இன்றி, நாட்டிலிருந்து பிரிவதாக வாக்களித்தனர். மீட்டிங் தெருவில் அவர்கள் கையொப்பமிட்ட மண்டபம் மறு ஆண்டே தீ விபத்தில் எரிந்தது. இடத்தைக் குறிக்கும் பலகை மட்டும் இருக்கிறது.

மறுநாள் சம்ட்டர் கோட்டைக்குச் செல்லும் படகில் முதியவர் ஒருவர் எங்களோடு அன்பாக உரையாடினார். தம் முன்னோர் தெற்குப் படையில் போரிட்டவர் என்றும், மாநில உரிமையைக் காக்கவே போரிட்டனர் என்றும் கூறினார். அவர் எழுந்து சென்றபின் தம்பி மகள் கேட்டாள்: "பெரியத்தா, அந்த ஐயா சொல்வது சரியா?"

"பிரிந்தவர்கள் ஏன் பிரிந்தோம் என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அம்மா. அதைப் படித்துவிட்டு நீயே சொல்" என்றேன். அவள் தந்தையின் கைப்பேசியில் அவ்வறிக்கையைத் தேடியெடுத்து அங்கேயே படித்தாள்.

1860 டிசம்பர் 24 நாளிட்ட அவ்வறிக்கையில் தென் கரோலினா அடுக்கும் குறைகள் யாவை? தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தரவில்லை. அவ்வாறு தருவதைத் தம் சட்டங்களால் தடுக்கின்றன. அடிமை ஒழிப்புச் சங்கங்களை அனுமதிக்கின்றன. அடிமையோடு தம் எல்லையைக் கடக்கும் உரிமையை நியூயார்க் மறுக்கிறது. கூர்ந்து நோக்குங்கள்! இவை வட மாநிலங்கள் தம் உரிமையைப் பயன்படுத்தியதற்கு எதிரான குறைகள் அன்றோ? "இதில் அடிமை என்ற சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது" என்றாள் அவள். 1861 மார்ச்சில் பிரிவினை அரசின் துணைத் தலைவர் அலெக்ஸாண்டர் ஸ்டீபன்ஸ் ஸவான்னா நகரில் ஆற்றிய உரையில், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே தம் அரசின் மூலைக்கல் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்.

அம்முதியவரின் முன்னோரைப் போன்ற எளிய வீரர்கள் பலரிடம் அடிமைகள் இல்லை. ஊர்ப்பற்றாலும், அச்சத்தாலும், கட்டாயப் படைச் சேர்ப்பாலும் அவர்கள் சென்றிருக்கலாம். தனிமனிதன் போருக்குச் சென்ற காரணம் வேறு. போர் மூண்ட காரணம் வேறு.

ஆசானும் மாணவரும்

துறைமுகத்தின் நடுவே, கல்லைக் கொட்டி உண்டாக்கிய செயற்கைத் தீவில் நிற்கிறது சம்ட்டர் கோட்டை. படகில் அரைமணி நேரப் பயணம். 1861இல் மேஜர் ராபர்ட் ஆண்டர்சன் என்பார், நூற்றுக்கும் குறைவான வீரர்களோடு, உணவு தீரும் நிலையில் இதைக் காத்து நின்றார். கரையிலிருந்து முற்றுகையிட்ட தளபதி பியூரிகார்டு, வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் ஆண்டர்சனிடம் பீரங்கிக் கலை பயின்ற மாணவர்! ஆசான் கற்பித்த கலையை ஆசானை நோக்கியே திருப்பினார் மாணவர். 34 மணி நேரம், மூவாயிரத்திற்கும் மேற்பட்ட குண்டுகள். ஆயினும் அத்தாக்குதலில் ஓர் உயிரும் போகவில்லை. சரணடைந்தபின் கொடிக்கு மரியாதை வேட்டு முழக்குகையில் நேர்ந்த வெடிவிபத்தில்தான் வீரர் மாண்டனர். போர் எளிதில் முடிந்துவிடும் என்று இருதரப்பாரும் எண்ணியிருக்கக் கூடும். லிங்கன் 75,000 தொண்டர்களை 90 நாட்களுக்கே அழைத்தார்.

90 நாட்கள் 4 ஆண்டுகளாயின. 1862 செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டம் களத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 23,000 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர். 1863 ஜூலை 1 முதல் 3 வரை கெட்டிஸ்பர்க்கில் அத்தொகை 51,000ஐ எட்டியது. வடக்குக் கடற்படை தெற்குத் துறைமுகங்களை அடைத்ததால் பருத்தி வெளியேறவில்லை. இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியாவை நோக்கின. நம் திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கும் அக்காலத்தில் விலை ஏறி, போர் முடிந்ததும் சரிந்தது.

லிங்கனின் நோக்கமும் போரினூடே மாறிற்று. நாட்டை ஒன்றாக வைத்திருப்பதற்காகத் தொடங்கியவர், 1863 ஜனவரி 1இல், பிரிவினையாளர் வசமிருந்த பகுதிகளின் அடிமைகள் விடுதலை பெற்றவர்கள் என்று ஆணை பிறப்பித்தார். அவ்வாணைக்கு முன்னரே தம் விடுதலையைத் தாமே எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 1862 மே 13 அதிகாலையில், பிளான்ட்டர் என்னும் தெற்குப் படையின் கப்பலை ஓட்டிவந்த 23 வயது அடிமை ராபர்ட் ஸ்மால்ஸ், வெள்ளைக்காரத் தலைவர் கரையில் தங்கிய நேரம் பார்த்து, அவருடைய தொப்பியை அணிந்துகொண்டு, தம் மனைவி மக்கள் உட்பட 16 பேரோடு புறப்பட்டார். சம்ட்டர் கோட்டையைக் கடக்கையில் வழக்கமான ஊதல் சைகையைத் தவறாமல் கொடுத்தார். காவலர் ஐயுறவில்லை. வடக்குக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். பிற்காலத்தில் ஐந்து முறை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினரானார்.

கோட்டையின் மதிலிலிருந்து பார்த்தால் மோரிஸ் தீவு தெரிகிறது. 1863 ஜூலை 18 மாலை, அங்கிருந்த வாக்னர் கோட்டையை மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவின் கறுப்பு வீரர்கள் தாக்கினர். 600 பேரில் 270 பேர்வரை வீழ்ந்தும் பிடிபட்டும் போயினர். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். கறுப்பருக்கோ 10 டாலர், அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்தம். சம ஊதியம் கிடைக்கும்வரை ஒரு காசும் வாங்கோம் என்று மறுத்தே அவர்கள் போரிட்டனர்.

மலர் ஏந்திய சிறுவர்கள்

1865 ஏப்ரல் 9இல் தெற்குத் தளபதி ராபர்ட் லீ சரணடைந்தார். ஏப்ரல் 14 அன்று ஆண்டர்சன் சம்ட்டருக்குத் திரும்பி வந்து, தாம் இறக்கிய அதே கொடியைத் தம் கையால் ஏற்றினார். அன்றிரவே வாஷிங்டனில் லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் காலை மறைந்தார். அவ்வாண்டு டிசம்பரில் 13ஆவது சட்டத்திருத்தம் அடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்தது.

இறுதியாக நாங்கள் சென்றது ஹாம்ப்டன் பூங்கா. போர்க்காலத்தில் அது கைதிகளை அடைத்த குதிரைப் பந்தயத் திடல். அங்கு நோயாலும் பசியாலும் இறந்த வடக்கு வீரர் 257 பேரைக் கூட்டமாகப் புதைத்திருந்தனர். விடுதலை பெற்ற கறுப்பு மக்கள் அவ்வுடல்களை எடுத்துத் தனித்தனியே அடக்கம் செய்து, வேலியும் அமைத்தனர். 1865 மே 1ஆம் நாள் ஏறத்தாழ 10,000 பேர் அங்கே திரண்டனர். முன்னே மலர் ஏந்தி நடந்தவர்கள் பள்ளிச் சிறுவர் சிறுமியர். சில ஆண்டுகளுக்கு முன்வரை எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றமாயிருந்த ஊரில், அவர்கள் பள்ளிப் பிள்ளைகளாக நடந்தார்கள்!

பின்னர் அந்நிகழ்ச்சி நகரத்தின் நினைவிலிருந்து நெடுங்காலம் மறைக்கப்பட்டது. 1877க்குப் பின் கறுப்பரின் வாக்குரிமையும் படிப்படியாகப் பறிக்கப்பட்டு, 1965இல்தான் சட்டத்தால் மீட்கப்பட்டது. 2015 ஜூன் 17 அன்று இந்நகரின் இம்மானுவேல் தேவாலயத்தில் வேதம் பயின்றுகொண்டிருந்த 9 கறுப்பரை இனவெறியன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அதன்பின்னரே தென் கரோலினாச் சட்டமன்ற வளாகத்திலிருந்து பிரிவினைப் படையின் கொடி இறக்கப்பட்டது.

ஊர் திரும்பும் வழியில் தம்பி மகள் தன் கட்டுரையின் முதல் வரியை எழுதிக் காட்டினாள். பிரிவினை அறிக்கையின் நாளையும் இடத்தையும் குறித்துத்தான் தொடங்கியிருந்தாள். பெற்றோருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஒரு போரின் காரணத்தைப் பிள்ளைகள் கேட்டால், பின்வந்தோர் சொன்ன சமாதானத்தைக் கூறி நிறுத்திவிடாதீர்கள், தொடுத்தவர்கள் அன்று எழுதி வைத்ததைத் தேடியெடுத்துக் கையில் கொடுங்கள். அவர்களே படித்தறிவார்கள்.