தில்லியில் ஒரு நாவற்கன்று

லூ என்னும் அனற்காற்று வீசும் தில்லிக் கோடையில் நம்மவர்க்கு நிழலும் ஊர் நினைவும் ஒருங்கே தருவது நாவல் மரம். 1931-இல் தலைநகராய்த் திறக்கப்பெற்ற புதுதில்லியில், அசோகா சாலை, துக்ளக் சாலை ஓரங்களில் அது வரிசையாய் நிற்கிறது. மழை தொடங்கியதும் கனி உதிர்ந்து நடைபாதை ஊதா நிறமாகும். பகலில் கிளிகள், இரவில் பழந்தின்னி வௌவால்கள்.

அங்கே பொறுக்கிய பழத்தின் விதையை, உலர்ந்தால் முளைக்காதாகையால், அன்றே குடியிருப்பு முற்றத்தில் ஊன்றினோம். கன்று இப்போது இடுப்பளவு. கறை படியுமென்று அண்டை வீட்டார் இப்பொழுதே முகம் சுளிக்கின்றனர்! விதைக்கன்று காய்க்க 8 முதல் 10 ஆண்டுகளாகும். அதற்குள் எங்களுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிடும். ஆயினும் அரிசி களைந்த நீரைக் குழந்தைகள் நாள்தோறும் அதற்கே ஊற்றுகின்றனர். பின்னர்க் குடிவருவோர் களையென்று வெட்டிவிடாதிருக்க, ‘ஜாமுன்’ என இந்தியில் எழுதிய பலகையொன்றைக் கட்டியிருக்கிறோம்.