சுண்ணாம்பு முதல் குரோம் வரை

பாந்திராவில் இருந்த இறைச்சிக்கூடம் 1971இல் தேவனாருக்கு மாறியது. தாராவியில் தோல் பதனிட்ட ஷாப்புகளும் பிறகு வெளியேறின. இன்று இங்கே பெரும்பாலும் பதனிட்டு வரும் தோலுக்கு மெருகேற்றிப் பையும் பர்சும் தைக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் பச்சைத்தோலோடு புழங்கிய அந்த வேலையில்தான் அமிலமும் காரமும் எனக்குப் புரிந்தன.

பாடப்புத்தகம் மூன்று விளக்கங்கள் தரும்: அரீனியஸ், பிரான்ஸ்டெட்–லௌரி, லூயிஸ். பின்னது வந்ததும் முன்னது செத்துவிட்டதாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். தோல் பதனிடுகிறவனுக்கு மூன்றும் வேண்டும். அதே வரிசையில் வேண்டும்.

முதல் வேலை சுண்ணாம்பு. சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த தண்ணீரில் ஊறினால் மயிர் கரையும், தோல் உப்பித் தடிக்கும். பிஎச் 12க்கு மேல் நிற்கும். 1884இல் அரீனியஸின் ஆய்வேட்டில் தொடங்கிய கருத்து இதற்குப் போதும்: தண்ணீரில் ஹைட்ராக்சைடு அயனி தருவது காரம், ஹைட்ரஜன் அயனி தருவது அமிலம்.

அடுத்து அந்தச் சுண்ணாம்பை எடுக்க வேண்டும். அதற்குப் போடுவது அம்மோனியம் சல்பேட், பார்வைக்கு வெறும் உப்பு. ஆனால் டிரம் சுற்றியதும் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். அம்மோனியம் அயனி தன் புரோட்டானை ஹைட்ராக்சைடுக்குக் கொடுத்துவிட்டு அம்மோனியாவாகப் பறக்கிறது. கொடுப்பது அமிலம், வாங்குவது காரம் என்று பிரான்ஸ்டெட்டும் லௌரியும் 1923இல் தனித்தனியே சொன்னது இதைத்தான் விளக்குகிறது. தோலின் தடித்த இடத்தை வெட்டி, வெட்டுவாயில் பினால்ஃப்தலீன் ஒரு சொட்டு விடுவோம். நடுவில் ரோஸ் நிறம் வந்தால் சுண்ணாம்பு இன்னும் உள்ளே இருக்கிறது.

புரோட்டான் கணக்கு உயிரையும் காக்கும். சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஆசிட் சேர்ந்தால் சல்பைடு புரோட்டான்களை வாங்கி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகிவிடும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பித் தொட்டிக்குள் இறங்குகிறவர் எழுந்து வரமாட்டார். இதைக் காரணத்தோடு ஒவ்வொரு தொழிலாளிக்கும் சொல்லித் தருவது ஷாப்பு நடத்துகிறவரின் கடமை.

பிறகு பிக்கிள். முன்னே உப்பு, பின்னே ஆசிட். உப்பில்லாமல் ஆசிட் போனால் தோல் ஊதிக் கெட்டுவிடும். கந்தக அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றி நீர்க்கவைத்து, ஆறியபின் தவணை தவணையாக விட்டு, பிஎச்சை 3க்கு அருகே கொண்டுவருவோம். அப்போது தோலின் கொலாஜனில் உள்ள கார்பாக்சில் தொகுதிகள் புரோட்டானைப் பிடித்துக்கொண்டிருக்கும். குரோம் உப்பைப் போட்டால் எதிலும் ஒட்டாமல் நடுப்பகுதி வரை ஊடுருவும். ஊடுருவியபின் சோடாமாவு கரைசலை நிதானமாக விட்டு பிஎச்சை 4க்கு அருகே ஏற்றுவோம். புரோட்டான் விலகும், கார்பாக்சிலின் எலக்ட்ரான் இணையைக் குரோமியம் ஏற்றுக்கொள்ளும். எலக்ட்ரான் இணையை ஏற்பது அமிலம் என்று லூயிஸ் சொன்னதும் அதே 1923இல்தான். அவர் இல்லாமல் குரோமியத்தை அமிலம் என்று பார்க்கவே தோன்றாது. அவசரப்பட்டுச் சோடாவைக் கொட்டினால் குரோம் மேல்தோலிலேயே படிந்து நடுப்பகுதி பதப்படாமல் நின்றுவிடும். நன்றாகப் பதப்பட்ட துண்டு கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் சுருங்காது.

தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அரீனியஸ் பதில் சொல்வார். புரோட்டான் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்றால் பிரான்ஸ்டெட். உலோகம் ஏன் ஒட்டுகிறது என்றால் லூயிஸ். விளக்கத்தைத் தேர்ந்தெடுப்பது கேள்விதான். தாராவியின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கும் ஆசிரியர்கள் இந்தப் பாடத்தைத் தோலிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்தப் பிள்ளைகளில் பலருடைய தாத்தாக்கள் செய்த வேலை இது. அதற்குள் இவ்வளவு அறிவியல் இருந்தது என்பதை அவர்கள் வகுப்பறையிலேயே தெரிந்துகொள்ளட்டும்.