கதிரை

11 மணிக்கு அறையை விட வேண்டும். விமானமோ இரவில். இடையில் கிடந்த நாளுக்கு லிஸ்பனில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்ததெல்லாம் பார்த்தாயிற்று. பெலேமில் வாஸ்கோ ட காமாவின் கல்லறையையும் சுற்றி வந்தாயிற்று. கல்லில் படுத்துக் கைகூப்பிக் கொண்டிருக்கிறார், ஒரு பாவமும் அறியாதவர் போல.

அல்ஃபாமா ஒழுங்கையில் வீட்டுக்கார அம்மா கையை நீட்டி "ஷாவ்" என்றார். திறப்பைக் கொடுத்தேன். அந்த ஷாவ்தான் தமிழகத்தில் சாவி. அது மட்டும் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. பெட்டி இங்கேயே இருக்கட்டும், பின்னேரம் வந்து எடு என்று சைகையால் சொல்லிவிட்டு, வாசலில் ஒழுங்கைப் பக்கமாகப் போட்டிருந்த பிரம்புக் கதிரையில் போய் இருந்தார். நான்கு நாளும் அவரை அதில்தான் கண்டேன்.

இரண்டு மாதம் ஐரோப்பாவில் நின்றேன் என்று சொல்வதே பொய். உறவுக்காரரின் வீடுகளில் நின்றேன். பாரிஸில் லா சப்பல் கடைகளில் முருங்கைக்காய், சூரிச்சில் ஒடியல்கூழ், டோர்ட்முண்டில் ஒரு சாமத்தியச் சடங்கு. கடைசி நான்கு நாள் லிஸ்பன் என்றதும் மச்சாளுக்குப் பிடிக்கவில்லை.

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பிறகென்னத்துக்கு?"

பதில் வந்த முதல் இரவே கிடைத்தது. அறையைக் காட்டிய அந்த அம்மா ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்னார்: ஜனேலா, மேஸா, கடேய்ரா. குனிந்து என் காலைக் காட்டி, ஈரமான சப்பாத்தை வெளியே விடு என்றார். லிஸ்பன்காரர் சொல்லின் கடைசி ஓகாரத்தை உகரமாக விழுங்குவார்கள். அதனால் அது அச்சொட்டாக 'சபாத்து' என்றே காதில் விழுந்தது. வாங்கு, துவாய், லேஞ்சி, தாச்சி, குசினி, பாண், தவறணை என்று எங்கள் அம்மம்மாவின் வீடு முழுவதும் அந்த மூன்றாம் மாடியில் ஏறி வந்து நின்றது. இந்தச் சொற்களைத் தந்த போர்த்துக்கேயப் பறங்கியர் யாழ்ப்பாணத்தை ஆண்டது 1619 முதல் 1658 வரை, வெறும் 39 ஆண்டு. பிறகு வந்த ஒல்லாந்தர் 137 ஆண்டு இருந்தார்கள். அவர்கள் தந்து நிலைத்தவற்றில் எனக்கு உடனே நினைவு வருபவை கந்தோரும் கக்கூசும்தான்.

மலையிறங்கி நடந்தேன். ஒழுங்கை முனையில் கஷ்கொட்டை சுடுகிற புகை. ஒக்டோபர் கடைசி, வானம் கறுத்துக் கிடந்தது. ஆற்றங்கரைச் சதுக்கத்துக்கு வரைபடத்தில் வேறு பெயர். ஆனால் ஊர்ச்சனம் அதை இன்னும் அரண்மனை முற்றம் என்றே சொல்கிறது. அரண்மனை 1755 நவம்பர் 1ஆம் திகதி நிலநடுக்கத்தோடு போனது. இதை நான் விளங்கிக்கொள்ள யாரும் வேண்டியதில்லை. எங்கள் சந்தியில் புளி தறித்து என் வயதாகிறது, புளியடி இன்னும் புளியடிதான்.

அன்று சகல புனிதர் திருநாள். காலைப் பூசைக்குக் கோயில்கள் நிறைந்திருந்தன. கூரைகள் விழுந்தன, ஏற்றி வைத்த மெழுகுதிரிகளாலும் தீ பரவியது. வெளி நல்லது என்று ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் வந்து எடுத்தது. கார்மோ மடத்தின் நடுக்கூடத்துக்கு இன்றுவரை கூரை இல்லை. வளைவுகள் மட்டும் விலா எலும்புகளாக நிற்கின்றன. சுற்றிலும் எல்லோரும் படம் எடுத்தார்கள். கூரையில்லாத கோயில்களைப் பார்த்து வளர்ந்தவன், எனக்குக் கை எழவில்லை.

1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்தில் போர். பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொன்னார்கள். இரவு மழை. நாவற்குழிப் பாலத்தடியில் லட்சக்கணக்கான சனம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அதற்கு முதல் வீட்டில் ஒரு சண்டை. அம்மம்மா தாச்சியை விட்டு வரமாட்டேன் என்றார். "நகைநட்டு எடுக்காமல் உதென்ன தாச்சி?" என்று அம்மா கத்தினார். "போற இடத்திலை நகையிலையே பொரிக்கப் போறாய்?" என்றார் அம்மம்மா. தாச்சி என் சைக்கிள் கரியரில் ஏறியது. யன்னல்களை நான்தான் சாத்தினேன், கொளுக்கி போட்டேன், கதவைப் பூட்டினேன். படலையடியில் வைத்து அம்மம்மா திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, கதிரை விறாந்தையிலை கிடக்குது. மழை தூவானம் அடிக்கும், உள்ளுக்கு எடுத்து வை."

"வந்து எடுப்பம் அம்மம்மா."

ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது, எடுத்து வைக்க உள்ளே என்று ஒன்று இல்லை. நான் கொளுக்கி போட்ட யன்னல்களை நிலையோடு கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அம்மம்மா கொடிகாமத்திலேயே கண்ணை மூடிவிட்டார். தாச்சி இன்னும் இருக்கிறது.

ஷியாதோவில் பிரசிலெய்ரா என்ற பழைய கோப்பிக்கடை வாசலில் கவிஞர் பெசோவா வெண்கலமாக இருக்கிறார். பக்கத்தில் ஒரு வெண்கலக் கதிரையை வெறுமையாக விட்டிருக்கிறார்கள், 1988இல் வைத்தது. வருகிறவர்கள் அதில் இருந்து அவர் தோளில் கை போட்டுப் படம் எடுக்கலாம். தன் கவிதைகளுக்கு வேறு வேறு ஆட்களையே உண்டாக்கிப் பெயரும் சாதகமும் எழுதி வைத்த மனிதர். அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை எப்படிக் காணும்? என் முறை வந்ததும் இருந்தேன். சில்லிட்டது. எழும்பிவிட்டேன்.

இதே நகரத்தில்தான் 1554இல் தமிழ் முதன்முதலாக அச்சேறியது. செபங்கள் அடங்கிய சிறு புத்தகம், எங்கள் எழுத்தில் அல்ல, உரோமன் எழுத்தில். போகும்போது எங்கள் சொல்லை இப்படி வேறு உடுப்பில் கொண்டுபோனவர்கள், தங்கள் கதிரையை எங்கள் எழுத்தில் விட்டுப்போனார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலில் யாருக்கு லாபம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே ஒரு கோப்பி குடித்தேன். கோட்டையையும் இடித்த கோயில்களையும் சேர்த்தால் கணக்கு ஒருபோதும் சரிவராது. ஆனால் கதிரை இல்லாமல் அம்மம்மாவை என்னால் நினைக்க முடியவில்லை.

திரும்பி ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒழுங்கைக் கல்லில் சப்பாத்து வழுக்கியது. பெட்டி கதவுக்குப் பின்னால் தயாராக இருந்தது. அந்த அம்மா உள்ளே குசினியில் ஏதோ பொரித்துக்கொண்டிருந்தார், எண்ணெய்ச் சத்தத்தில் மழை அவருக்குக் கேட்டிராது. பிரம்புக் கதிரை வாசலில் நனைந்துகொண்டிருந்தது.

தூக்கி உள்ளே வைத்தேன். தூக்கும்போதுதான் தெரிந்தது, ஒரு பாரமும் இல்லை.

அவர் எட்டிப் பார்த்து, கதிரையைப் பார்த்து, சுவர் மணிக்கூட்டைக் காட்டி ஏதோ சொன்னார். மெட்ரோவுக்கு நேரமாகிறது என்பதாகத்தான் இருக்க வேண்டும். துவாய் ஒன்றை எடுத்து என்னிடம் எறிந்தார். நான் தலையைத் துடைக்கவில்லை, கதிரையைத் துடைத்தேன்.