எங்கே தங்குவது?

பயணம் புறப்படுவோர் முதலிற் கேட்பது "எப்போது போவது?" என்பது, அடுத்துக் கேட்பது "எவ்வளவு செலவாகும்?" என்பது. "எங்கே தங்குவது?" என்னும் மூன்றாவது கேள்வியைப் பலர் விமானச் சீட்டு எடுத்த பின்னரே நினைக்கின்றனர். உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வாசகர்கள் எண்ணக்கூடும். இருக்கிறது என்பதையே இங்கு கூற விரும்புகின்றோம்.

எம்மவருட் பலர் இப்போது பாடசாலை விடுமுறைக் காலத்திற் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பிரான்ஸ் தேசத்துக்குச் சென்று வருகின்றனர். அங்கே அக்காவோ அண்ணனோ சிற்றப்பாவோ இருப்பர். விசா கிடைத்த செய்தி வீட்டிற் பரவியதும் பெரியவர்கள் ஈபெல் கோபுரத்தைப் பற்றிப் பேசுவர்; பிள்ளைகளோ டிஸ்னிலாந்தைத் தவிர வேறெதனையும் பேசமாட்டார்கள். அங்கு போவதென்று முடிவானதும் ஒரு தர்க்கம் எழும். பூங்கா நிறுவனத்தின் சொந்த விடுதியில் அதிக பணம் கொடுத்துத் தங்குவதா? வெளியிலே மலிவான விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கிக்கொண்டு நாள்தோறும் போய் வருவதா?

பூங்காவுடன் விடுதியும் சேர்ந்த வரலாறு சுவையானது. 1955 யூலையில் வால்ட் டிஸ்னி தமது முதற் பூங்காவைக் கலிபோர்னியாவில் அனஹைம் என்னும் ஊரிலே திறந்தார். பூங்காவைக் கட்டியதிலேயே பணம் கரைந்துவிட்டமையால் விடுதி கட்ட அவரிடம் முதல் இருக்கவில்லை. ஜாக் ராதர் என்னும் தொலைக்காட்சித் தயாரிப்பாளரே அதே ஆண்டில் அங்கு டிஸ்னிலாந்து விடுதியைக் கட்டித் திறந்தார். அது டிஸ்னி நிறுவனத்தின் கைக்கு வந்தது 1988-இற்றான். இதற்கிடையிற் பூங்காவைச் சுற்றி வேறு பலருடைய விடுதிகளும் உணவுச்சாலைகளும் முளைத்தன. வந்தவர்கள் பகலில் டிஸ்னிக்கும் இரவில் அயலாருக்குமாகப் பணம் கொடுத்தனர்.

இதனைக் கண்டு மனங்கசந்த டிஸ்னி, அடுத்த பூங்காவுக்காகப் புளோரிடாவிலே 27,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை 1960-களில் வாங்குவித்தார். 1966-இல் அவர் காலமானார். 1971 ஒக்டோபரில் அப்பூங்கா திறக்கப்பட்டபோது நிறுவனத்தின் விடுதிகளும் கூடவே திறக்கப்பட்டன.

பாரிஸில் நடந்தது இன்னொரு விதம். 1992 ஏப்ரில் 12-ஆந் திகதி பூங்கா திறந்தபோதே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அறைகளும் ஆயத்தமாக இருந்தன. ஆனால் பூங்கா நகரிலிருந்து 32 கிலோமீற்றர் தொலைவில் மாத்திரமே உள்ளது. ஆர்.ஈ.ஆர். 'ஏ' வழிப் புகையிரதம் நகரின் நடுவிலிருந்து பூங்காவின் வாயிலருகே உள்ள நிலையத்துக்கு ஏறக்குறைய நாற்பது நிமிடத்திற் கொண்டுவந்து சேர்க்கும். மக்கள் காலையில் வந்து களித்துவிட்டு மாலையில் திரும்பினர். அறைகள் பல வெறுமையாகக் கிடந்தன. வேறு காரணங்களும் சேர்ந்து நிறுவனம் பெருங் கடனில் ஆழ்ந்தது. 1994-இற் கடன் சீரமைக்கப்பட்டு, யூரோ டிஸ்னி என்னும் பெயரும் டிஸ்னிலாந்து பாரிஸ் என மாற்றப்பட்டது.

ஆகவே பூங்காவினுள் விடுதி என்பது முதலில் உரிமையாளரின் இலாபங் கருதியே தோன்றிற்று. எனினும், கடைக்காரனுக்கு இலாபம் என்பதனால் வாங்குவோனுக்கு நட்டம் என்று ஆகிவிடாது. அவன் விற்பது எமக்கு வேண்டிய பொருள்தானா என்பதே கேள்வி.

2025 ஓகஸ்டில் எமக்கும் இக்கேள்வி வந்தது. பாரிஸின் வடபுறத்தே லா கூர்நெவ் என்னுமிடத்தில் எம் தமக்கையார் வசிக்கின்றார். விமானச் செலவின் ஒரு பகுதியை அவரே அனுப்பியிருந்தார். எம் தாயாருக்கு வயது எழுபத்துநான்கு. அக்கா அவரை இறுதியாகக் கண்டது 2014-இல். 2020-ஆம் ஆண்டு, கொரோனா நோயினால் விமானங்கள் நின்றிருந்த மாதங்களில், எம் தந்தையார் காலமானார். அக்காவினால் வர இயலவில்லை. கிரியைகள் யாவற்றையும் கைத்தொலைபேசியின் சிறு கண்ணாடியிலேயே அவர் கண்டார்.

டிஸ்னிலாந்து விடுதியைப் பற்றி நாம் தொலைபேசியில் வாயெடுத்ததும் அக்காவின் குரல் மாறிற்று.

"தம்பி, பதினொரு வருசத்துக்குப் பிறகு அம்மாவை இஞ்ச கூட்டிக்கொண்டு வாறாய். வந்தும் ஹோட்டலிலையோ தங்கப்போறியள்?"

அம்மாவின் முடிவு வேறாக இருந்தது. "எனக்கென்ன டிஸ்னி? முழங்கால் ஏலாது. நான் வீட்டிலை இருக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்றார். இதைக் கேட்ட எம் இளைய மகள், "அப்பம்மா வராட்டி நானும் போகேல்லை" என்று மூலையிற் போய் இருந்துகொண்டாள்.

பன்னிரண்டு வயது மகன் அப்பியாசப் புத்தகத்தை விரித்துக் கணக்குப் போட்டான். அவன் போட்ட முறை சரியானதே. பூங்கா விடுதிகளில் அறையையும் நுழைவுச் சீட்டையும் சேர்த்து விற்பது வழக்கமாதலால், முழுத் தொகையைப் பார்த்துத் திகைக்கக் கூடாது. எங்கே தங்கினாலும் சீட்டு வாங்கியே ஆகவேண்டும். சீட்டைக் கழித்த மீதியே அறையின் விலை. மறுபுறத்தில் புகையிரதச் செலவைச் சேர்க்கவேண்டும். 2025-இல் பாரிஸ் வட்டாரத்தில், விமான நிலையங்கள் தவிர்ந்த எத்தூரத்துக்கும் ஒருவழிப் புகையிரதச் சீட்டு 2.50 யூரோ என ஒரே விலையாக இருந்தமையால் அச்செலவு சிறிதாகவே இருந்தது. ஆனால் அக்காவின் வீட்டிலிருந்து 'பி' வழிப் புகையிரதத்தில் ஏறி, ஷாத்லே என்னும் பெரிய நிலத்தடி நிலையத்தில் இறங்கி, 'ஏ' வழிக்கு மாறிச் செல்ல ஒரு மணிக்கு மேலாகும். போக வர இரண்டரை மணி நேரம். இரண்டு நாளைக்கு ஐந்து மணி நேரம்.

கழித்துப் பார்த்தபோது, அறைகளுக்காக மாத்திரம் நாம் கொடுக்கவேண்டியது எமது இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வந்தது. ஐந்து மணி நேரத்துக்கு இந்த விலையா என்று மகன் கேட்டான். "கணக்குச் சரி, ஒரு நிரலை விட்டுவிட்டாய். அப்பம்மாவின் முழங்காலை எங்கே எழுதினாய்?" என்று கேட்டோம்.

கேளிக்கைப் பூங்காவில் ஒரு நாள் என்பது சாதாரண நாளன்று. காலையில் எல்லோரும் உற்சாகமாக இருப்பர். நடுப்பகலுக்குப் பின் வெயிலும் கூட்டமும் வரிசைகளும் சேர்ந்து குழந்தைகளை அழவைக்கும்; முதியோரை ஆசனந் தேடவைக்கும். வாணவேடிக்கையோ கோடையில் இருள் கவிந்த பின்னரே. அங்கு இரவு ஒன்பது மணியளவிற்றான் இருள் தொடங்கும். வெளியிற் தங்கியவர் நடுப்பகலில் வீடு திரும்பினால் மீண்டும் வரமாட்டார். திரும்பாமல் இருந்தாலோ, இரவிலே உறங்கும் பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு இரண்டு புகையிரதம் மாறவேண்டும். அருகில் அறை உள்ளவர் மாத்திரமே ஒரு நாளை இரண்டாக மடித்து, நடுவிலே இளைப்பாற முடியும். உள்விடுதியில் விற்கப்படும் உண்மையான பொருள் இதுவே. வாயில் பொதுமக்களுக்குத் திறக்குமுன், விடுதியிலுள்ளோர் சில பகுதிகளுக்குள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்திப் போகலாம் என்னும் சலுகையும் உண்டு. அது இதற்கு அடுத்தபடியே.

இக்கணக்கைத் தீர்த்தவர் எம் துணைவியார். "மச்சாளையும் எங்களோடை வரச்சொல்லிக் கேளுங்கோவன்" என்றார். அக்கா பாரிஸில் இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தும் டிஸ்னிலாந்தைக் கண்டதில்லை. அதிகாலையிலே அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை. மாலையில் இன்னொரு வேலை. மகன் வேறு நகரிற் படிக்கின்றான். அத்தான் உணவகச் சமையலறையில் இரவு வரை நிற்பவர். முதலில் அக்கா மறுத்தார். "அம்மாவும் உங்களோடை ஒரு அறையிலை படுப்பா" என்றதும் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "அப்ப அந்த அறைக்கு நான்தான் காசு கட்டுவன்" என்றார். அதனை மறுக்க எமக்கு மனம் வரவில்லை.

ஆறு பேர் என்றதும் விடுதியைத் தெரிவதும் எளிதாயிற்று. வழமையான அறையில் நால்வரே தங்கலாம். ஆறு பேர் தங்கத்தக்க மரக் குடில்கள் டேவி குரொக்கற் பண்ணை என்னுமிடத்தில் உள்ளன. சமையல் வசதியும் உண்டு. அதுவும் நிறுவனத்துடையதே. ஆனால் பூங்காவிலிருந்து ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் தொலைவில் இருக்கின்றது. சொந்த மோட்டார் வண்டி வேண்டும். எம்முள் வண்டி ஓட்டுவார் இல்லை. வாயிலின்மேலேயே அரண்மனைபோல் நிற்கும் டிஸ்னிலாந்து விடுதியை ஏறிட்டுப் பார்ப்பதற்கும் எம் பணம் போதாது. ஏரிக்கு அப்பால் உள்ள எளிய விடுதிகளுள் ஒன்றில் ஓரிரவுக்கு இரண்டு அறைகள் எடுத்தோம். ஓரிரவு என்றாலும் பூங்காவுக்கு இரண்டு பகல்கள். நடந்தால் இருபது நிமிடம். கட்டணமில்லாத பஸ் அடிக்கடி ஓடுவதனால் அம்மா நடக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் நாட் காலையில் அம்மாவைப் பொம்மைகள் பாடும் படகில் ஏற்றினோம். பல தேசத்து உடைகளில் நிற்கும் பொம்மைகளினிடையே படகு மெல்ல மிதந்து போகும். "எல்லா நாட்டுப் பிள்ளையளும் ஒரே பாட்டைத்தானே பாடுதுகள்" என்று அம்மா வியந்தார். இன்னொரு முறையும் ஏறவேண்டும் என்றார். ஒரு மணியளவில் அவருடைய நடை தளர்ந்தது. அக்கா அவரையும் எம் மகளையும் பஸ்ஸில் ஏற்றி அறைக்கு அழைத்துச் சென்றார். முதல் இரவு அவர் கட்டி வைத்த புளிச்சோறும் கூடவே போயிற்று. நாமும் துணைவியாரும் மகனும் பூங்காவில் நின்றோம்.

நான்கு மணிக்கு அவர்களை அழைத்துவரப் போனோம். கதவருகே நின்றபோது உள்ளே தணிந்த குரலிற் பேச்சுக் கேட்டது. தந்தையாரின் கடைசி ஏழு நாட்களை அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: எந்த நாளிற் கஞ்சி குடித்தார், எந்த நாளில் அக்காவின் பெயரைச் சொன்னார், யார் யார் வந்து நின்றனர் என்பவற்றையெல்லாம். அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து ஆண்டுகளாகத் தொலைபேசியில் அவர்கள் நாள் தவறாது பேசுபவர்கள். எனினும் இவ்விடயம் அதுவரை பேசப்படவில்லை. வீட்டிலும் பேசியிரார்கள். அங்கே வேலைக்கு ஓடுவதும், வருவோரை உபசரிப்பதும், ஆறு பேருக்குச் சமைப்பதுமாக அக்காவின் பொழுது போய்விடும். மகள் கட்டிலிலே அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்திருப்பாள். நாம் கதவைத் தட்டவில்லை. மாடியிலிருந்து இறங்கி, ஐந்தரை மணி வரை கீழே இருந்தோம்.

அன்றிரவு வாணவேடிக்கையை ஆறு பேரும் சேர்ந்து பார்த்தோம். அம்மா ஒரு கல்லாசனத்தில் இருந்தார். அக்கா அவருடைய முழங்கால்மேல் தம் கம்பளிச் சட்டையை விரித்திருந்தார்.

இதனால் எல்லோரும் உள்விடுதியிலேயே தங்கவேண்டும் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. ஒரே நாளிற் பார்த்து முடிப்போருக்கு அது வீண் செலவு. நடையிற் சளைக்காத இளைஞர்கள் நகரிலே தங்கிப் புகையிரதத்தில் வரலாம். நான்கைந்து நாள் தங்குவோர், பூங்காவுக்கு ஒரு நிலையம் முந்தியுள்ள வால் டி யூரோப் பகுதியில் உள்ள விடுதிகளை விசாரிக்கலாம். அங்கே பெருங் கடைத்தொகுதியும் உண்டு. உள், வெளி என்னும் பெயரையும் நம்பிவிடக் கூடாது. மேற்கூறிய மரக் குடில்கள் நிறுவனத்தினவாயினும் தொலைவில் உள்ளன. அனஹைமிலோ, வீதிக்கு எதிர்ப்புறத்திலுள்ள பிறருடைய விடுதிகள் சில, நிறுவனத்தின் சொந்த விடுதிகள் சிலவற்றைவிட வாயிலுக்கு அண்மையில் இருக்கின்றன. அறையிலிருந்து வாயிலுக்கு எத்தனை நிமிடம், எதிலே போவது என்று கேட்டறிவதே புத்தி.

எம்மிடம் இதுபற்றி விசாரிப்போரிடம், எத்தனை யூரோ வைத்திருக்கிறீர்கள் என்று நாம் முதலிற் கேட்பதில்லை. உங்களுடன் வருவோருள் முதலிற் களைப்பவர் யார், அவர் களைக்கும்போது அவர் அருகில் இருக்கப்போகிறவர் யார் என்றே கேட்கின்றோம். அவ்விரண்டுக்கும் விடை கிடைத்தால், எங்கே தங்குவது என்பது தானே விளங்கிவிடும்.