மூன்றாவது பாய்

"கட்டுமரம்" என்ற நம் ஊர்ச் சொல் கப்பலேறிச் சீமைக்குப் போய் "காட்டமரான்" ஆன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயர்தான் நம்முடையது, பொருள் வேறு. நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அவர்களுடையதோ இரண்டு ஒல்லிப் படகுகளை நடுவே இடம் விட்டுப் பிணைத்தது. பசிபிக் தீவுக்காரர்கள் கண்ட வடிவம் அது.

அந்த இரட்டைப் படகுகளில் பேர்போன ஒன்றின் பிறந்த வீட்டுக்குப் போய் வருவோமா?

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் எஸ்ஸெக்ஸ் ஜில்லா. கோல்ன் நதி கடலோடு கலக்கும் இடத்தில் பிரைட்லிங்ஸீ என்று ஒரு சின்ன ஊர். சிப்பிக்குப் பெயர் போனது. கரையோரம் வர்ணம் பூசிய மரக் குடில்கள்; ஒரு முனையில், 1883-ல் கட்டிய பேட்மன் கோபுரம், சற்றே சாய்ந்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

இந்த ஊரில்தான் 1967-ல் "டார்னடோ" உருவாயிற்று. பெயருக்குச் சூறாவளி என்று அர்த்தம். ராட்னி மார்ச் வரைந்த படகு. இருபதடி நீளம், பத்தடி அகலம். 1976-ல் ஒலிம்பிக்கில் இந்த வகைக்கு முதன்முறையாகப் பந்தயம் வைத்தபோது, தங்கப் பதக்கத்தை வென்றவர் இதே ஊர்ப் படகுக்காரர் ரெக் வைட். கூடச் சென்றவர் ஜான் ஆஸ்பர்ன்.

அந்தக் காலத்தில் டார்னடோவுக்கு இரண்டே பாய்கள். 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் வரை அப்படித்தான். அதற்குப் பிறகு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். அதுதான் ஸ்பின்னேக்கர்.

எவ்வளவு பெரிது என்கிறீர்களா? 25 சதுர மீட்டர். நான்கு ஆறு கஜப் புடவைகளை விரித்து, ஓரத்தோடு ஓரம் தைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவு! துணியும் புடவை மாதிரி மெல்லிய நைலான்தான். காற்றை எதிர்த்துப் போகும்போது அது நீண்ட குழாய் ஒன்றுக்குள் சுருண்டு கிடக்கும். எல்லை மிதவையைச் சுற்றித் திரும்பியதும் கயிற்றை இழுக்க வேண்டியதுதான், குப்பென்று விரிந்து வயிறு புடைத்து நிற்கும். படகு பறக்கும்.

பறப்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. முன்மூக்கு அலைக்குள் புதைந்தால் படகு குட்டிக்கரணம் போட்டுவிடும். திடீரென்று பலத்த காற்று அடித்தால், சுக்கான் பிடிப்பவர் காற்று போகும் திசைக்கே படகைத் திருப்ப வேண்டும். பாய்க்கயிற்றைப் பிடித்திருப்பவரோ கம்பியில் தொங்கியபடி, ஒரு கணமும் கண்ணை எடுக்காமல் அதை இழுத்தும் தளர்த்தியும் வர வேண்டும். இருவர் மனமும் ஒத்துப்போகாவிட்டால் குளியல்தான்!

ஒரு வகைப் படகில் புதுப் பாயைச் சேர்ப்பது, வீட்டுக்குப் புது மருமகள் வருவது போல. எல்லோரும் சற்று இடம் மாறி உட்கார வேண்டும். பாய்க்கும் கம்புக்கும் குழாய்க்கும் பணம் வேண்டும். பழைய படகுக்காரர் செலவழிக்காவிட்டால் பின்தங்க நேரும். இதற்கு "ஹோபி 16" என்ற கலிபோர்னியாப் படகுக்காரர்கள் சமர்த்தாக வழி கண்டார்கள். வழக்கமான பந்தயங்களுக்குப் பழைய இரண்டு பாய்களே. இளைஞர் பந்தயம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் ஸ்பின்னேக்கர்.

பாய் மாறினால் கெட்டிக்காரர்களும் மாறிவிடுவார்களா? அதுவும் இல்லை. ஆஸ்திரியாவின் ஹகாராவும் ஸ்டெய்னாகரும் 2000-ல் இரண்டு பாய்களோடு தங்கம் வென்றார்கள். 2004-ல் ஆதென்ஸில் மூன்று பாய்களோடும் வென்றார்கள்!

அதே ஆதென்ஸில் வெண்கலம் வாங்கியவர்களில் ஒருவர் அர்ஜென்டினாவின் சாந்தியாகோ லாங்கே. 2008-க்குப் பிறகு டார்னடோ ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றது. 2016-ல் "நாக்ரா 17" என்ற புது இரட்டைப் படகு வந்தது. அதற்கு ஸ்பின்னேக்கர் பிறவியிலேயே உண்டு. விதி ஒன்று: படகில் ஒரு ஆண், ஒரு பெண்.

2015-ல் புற்றுநோய்க்காக நுரையீரலின் ஒரு பகுதியை இழந்திருந்த லாங்கே, மறு வருஷமே, தம் 54-வது வயதில், ரியோ நகரின் குவானபாரா விரிகுடாவில் இறங்கினார். அதே ஒலிம்பிக்கில் வேறொரு படகில் அவருடைய இரண்டு பிள்ளைகளும் போட்டியிட்டார்கள். தங்கம் கிடைத்தது தகப்பனாருக்கு!

தனியாக வெல்லவில்லை அவர். சுக்கான் அவர் கையில் இருந்தது. பாயைக் கவனித்தவர் ஸெஸீலியா கர்ரான்ஸா என்ற பெண்மணி.