குழைந்த சாதமும் 2007-ஆம் வருடச் சட்டமும்

2020 ஜனவரி 31-ஆம் தேதி பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து விருப்ப ஓய்வில் நாடு முழுக்க எழுபத்தெட்டாயிரம் பேருக்கு மேல் ஒரே நாளில் வெளியே வந்தோம். அவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கு வயது 55. "இனிமே என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று கேட்டவர்களிடம் "வக்கீலுக்குப் படிக்கப் போறேன்" என்றேன். நிறையப் பேர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், "அப்போ வீட்டுல யாரு சமைப்பாங்க?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது.

என் மனைவி பள்ளி ஆசிரியை. அவளுக்கு இன்னும் நாலு வருட சர்வீஸ் பாக்கி இருந்தது. காலை ஏழே காலுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு 83 வயது. அறுபது வருடம் அடுப்படியை ஆண்டவள். கை நடுக்கம் வந்தபின் கரண்டி பிடிக்க முடியவில்லை. ஆகவே நெம்மேலி வீட்டில் பகல் சமையல் எனக்கு வந்தது. அம்மாவுக்கு ஒரு நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டுக் கொடுத்தேன். அதில் உட்கார்ந்தபடி அவள் உத்தரவு போடுவாள்.

படித்தது புதுப்பாக்கம் அரசு சட்டக் கல்லூரியில், மூன்றாண்டுப் படிப்பு. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பழைய சட்டக் கல்லூரி 2018-இல் இடம் மாறியபோது ஒரு பகுதி பட்டரைப்பெரும்புதூருக்கும் ஒரு பகுதி இங்கேயும் வந்தது. எங்கள் ஊரிலிருந்து திருப்போரூர், அங்கிருந்து கேளம்பாக்கம், பிறகு புதுப்பாக்கம் என்று மூன்று வண்டி மாற வேண்டும். ஆனால் முதல் வருடம் கொரோனா வந்ததால் வகுப்பெல்லாம் கைப்பேசியில்தான். காதில் ஒப்பந்தச் சட்டம், கையில் வெங்காயம். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் ஒரு பிரிவை மனப்பாடம் செய்வது என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

முதல் ஆராய்ச்சி துவரம் பருப்பில். நெம்மேலி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம்தான் நினைவுக்கு வரும். 2013-இல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கொள்ளளவோடு தொடங்கியது. 2024 பிப்ரவரியில் பக்கத்திலேயே பதினைந்து கோடி லிட்டர் நிலையமும் திறந்தார்கள். எங்கள் வீட்டுக் குழாயில் வருவதோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதில் வேகவைத்த பருப்பு, விசில் எத்தனை அடித்தாலும் அம்மாவின் வாயில் கரையவில்லை. "என்னடா, பருப்பு ஈறுல படுது" என்பாள்.

உடனே ஒரு நோட்டுப் போட்டேன். ஒரு நாள் குழாய்த் தண்ணீர், மறுநாள் கேன் தண்ணீர், மூன்றாம் நாள் ஊறவைத்த பருப்போடு ஒரு சிட்டிகை ஆப்பசோடா. கேன் தண்ணீரில் வெண்ணெய் மாதிரி வெந்தது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகமிருந்தால் அவை பருப்பின் செல் சுவரை இறுக்கிவிடும், அதனால்தான் வேகாது என்று பிறகு படித்தேன். புளியும் அப்படித்தான், புளிப்பு சேர்ந்தால் பருப்பு இளகாது. "பருப்பு மசிஞ்சப்புறம்தான் புளி" என்று அம்மா அறுபது வருடமாகச் சொன்னதற்கு அதுதான் காரணம்.

அடுத்து அளவுகள். மனைவியின் அலமாரியில் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' இருந்தது. 1951-இல் வெளிவந்த புத்தகம். இளம் வயதில் கணவரை இழந்த அந்த அம்மையாரின் கைப்பக்குவத்தைப் பார்த்து, கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர் என்ற குடும்பப் பெரியவர் எழுதச் சொன்னாராம். தெரிந்த சமையலையே எழுத்தாக்கி, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அவர் புதிய தொழில் ஒன்றைத் தொடங்கினார். படிக்கும்போதெல்லாம் எனக்கு அது தெம்பாக இருக்கும். பழைய காலத்து ஆழாக்குக் கணக்கு என் தலைமுறைக்கு அரைகுறை ஞாபகம்தான். எட்டு ஆழாக்கு ஒரு படி, ஒரு தோலா சுமார் 11.66 கிராம் என்று நோட்டில் எழுதி அடுப்படியில் ஒட்டினேன். அந்தப் புத்தகத்தில் மீன் கிடையாது. மீனுக்கு அம்மாதான் புத்தகம்.

காலையில் குப்பத்துக்குப் போனால் படகு வந்திருக்கும். அம்மாவுக்கு முள் ஆகாது. அதனால் சுறா வாங்கி வேகவைத்துத் தோலை உரித்து, உதிர்த்து, இஞ்சி பூண்டோடு புட்டு செய்வேன். சாதம் ஒன்றுக்கு ஐந்து தண்ணீர். அது எப்போது சரியான பதம் என்று கேட்டால் அம்மா ஆழாக்கும் சொல்ல மாட்டாள், கிராமும் சொல்ல மாட்டாள். "ரெண்டு விரலால அமுக்கு. அடையாளம் தெரியாம போவணும்" என்பாள். காலை எட்டுக்குக் கேழ்வரகுக் கஞ்சி, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, ஏழு மணிக்கு இட்லியோ ரசம் சாதமோ. அரை மணி தள்ளினால் பசி போய்விடும், அப்புறம் என்ன கொடுத்தாலும் இரண்டு வாயோடு நிறுத்திவிடுவாள். எந்த நாள் எவ்வளவு சாப்பிட்டாள் என்பதையும் நோட்டில் குறித்தேன். பக்கத்துப் பக்கத்திலேயே சட்டக் குறிப்புகளும் இருக்கும்.

2023 மார்ச்சில் அம்மா போய்விட்டாள். கடைசி மாதம் கஞ்சித் தண்ணீர்தான். இறுதி செமஸ்டர் பரீட்சையை அதற்குப் பிறகு எழுதினேன். வருடக் கடைசியில் கறுப்பு அங்கி போட்டு வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டேன். பார்க்க அவள் இல்லை.

செங்கல்பட்டு நீதிமன்றத்தில் என் மகன் வயதுள்ள ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2024 ஜூலை 1-ஆம் தேதி மூன்று குற்றவியல் சட்டங்களும் மாறின. கொலைக்கு 302 என்று குக்கர் விசிலில் படித்தது 103 ஆனது. மோசடிக்கு எல்லோரும் அறிந்த 420 இப்போது 318. ஆழாக்கைக் கிராமாக மாற்றிய அதே முறையில் ஓர் அட்டவணை போட்டு, அதே சுவரில் ஒட்டினேன். அளவு மாறினாலும் பண்டம் அதேதான்.

அந்த வருடக் கடைசியில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பாட்டி வந்தார். எழுபத்தாறு வயது. இரண்டு மகன்கள். வீட்டை இருவருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். மாதம் மாற்றி மாதம் முறை வைத்துச் சோறு. முப்பத்தோராம் தேதி யார் முறை என்பதில் சண்டை வந்து, அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இல்லை. மகன்களைக் கேட்டால், "சோறு போடாமலா இருக்கோம்?" என்றார்கள். பாட்டி சொன்னது ஒரே வரி: "போடறாங்க சார், என்னால மெல்ல முடியல."

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. பராமரிப்பு என்றால் என்ன என்று அதன் இரண்டாம் பிரிவே சொல்கிறது: உணவு, உடை, உறைவிடம், மருத்துவம். உணவுதான் முதலில் வருகிறது. ஆனால் எவ்வளவு உணவு, என்ன பதத்தில், எத்தனை மணிக்கு என்று சட்டம் சொல்லாது, அதை மனுதான் சொல்ல வேண்டும். என் சீனியர் கெட்டிக்காரர். இருந்தாலும் இந்த ஒரு பத்தியை என்னிடம் தள்ளி, "சார், இது உங்க டிபார்ட்மென்ட்" என்றார்.

அம்மாவின் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினேன். ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைப்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பருப்பு மாதம் ஒன்றரைக் கிலோ, பால் தினம் அரை லிட்டர், காய்கறி, வாரம் இரண்டு நாள் முள்ளில்லாத மீன், எண்ணெய், மளிகை, கேஸ். உணவுக்கு மட்டும் 3,600 ரூபாய். மருந்து 1,400. மொத்தம் 5,000, மகனுக்கு 2,500 வீதம். கூடவே, மனுதாரருக்குப் பல் இல்லை, குழைந்த உணவுதான் உண்ண முடியும், நேரம் தவறினால் உண்பதில்லை, அதனால் தனி அடுப்புத் தேவை என்றும் எழுதினேன். விசாரணையில் அதிகாரி அந்தப் பத்தியை இரண்டு தரம் படித்ததாகப் பாட்டி வந்து சொன்னார். மகன்கள் மறுக்கவில்லை. சமரசமாகவே முடிந்தது. இப்போது திண்ணையை ஒட்டி அவருக்கு ஒரு சின்ன அடுப்படி இருக்கிறது.

என் வயதுக்காரர்களுக்கு உதவும் என்பதால் சில விவரங்களை எழுதிவைக்கிறேன். இந்த மனுவை வருவாய்க் கோட்ட அளவில், ஆர்.டி.ஓ. அல்லது சார் ஆட்சியர் தலைமையில் இயங்கும் தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். மகன், மகள் மட்டுமல்ல, வயது வந்த பேரன் பேத்தியும் இதில் பொறுப்பாளிகள். நோட்டீஸ் சார்வான நாளிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி, தக்க காரணம் இருந்தால் 30 நாள் கூடும். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். வழக்கறிஞர் ஆஜராகக் கூடாது என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது, சில உயர் நீதிமன்றங்கள் வேறு விதமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. எப்படியும் மனுவை நீங்களே எழுதிக் கொடுக்கலாம். இன்னொன்று முக்கியம். பிள்ளைகளுக்குச் சொத்தை எழுதி வைப்பவர்கள், கடைசிவரை என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். அது இருந்தால்தான் 23-ஆம் பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பது சுலபம்.

இந்த மாதிரி மனுக்களில் எனக்கு வருமானம் இல்லை. பீஸ் வருகிற வழக்குகள் சீனியரோடு தனியாக நடக்கின்றன, பஸ் செலவுக்கும் மீனுக்கும் அது போதும். மனைவியும் ஓய்வு பெற்றுவிட்டாள், ஆனாலும் பகல் சமையலை நான் விட்டுக்கொடுக்கவில்லை. கோர்ட் இல்லாத நாட்களில் மனு எழுத வருகிறவர்களிடம் பத்து மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் வந்தால், பருப்பு வேகும் வரை அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்ல வேண்டியதுதான்.